சுற்றுவழிக்காரர்

தாம்பரம் எலக்ட்ரிக் ட்ரெயினில் என்னோடு வரும் கிளார்க் அவர். படிய வாரிய தலை, சட்டைப்பையில் சின்ன பைபிள். இறங்கியதும் நாங்களெல்லாம் ஆபாச மஞ்சள் புத்தகம் விற்கும் கடை வழியாகப் போவோம். அவர் மட்டும் ஸ்டேஷனைச் சுற்றிப் போவார். அந்தப் புத்தகங்களே கதியென்று கிடந்ததையும், மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டதையும், சபையில் அழுது ஜெபித்து மீண்டதையும், அதன்பின் மனைவி திரும்பி வந்ததையும் அவரே சொல்லியிருக்கிறார்.

ஒருநாள் நல்ல மழை.

"இன்னிக்காவது இப்படி வாங்க சார். அதான் இயேசு விடுவிச்சிட்டாரே, இன்னும் இன்னா பயம்?" என்றேன்.

சிரித்தார். "கதவைத் திறந்துவிட்டது அவரு சார். திரும்பிப் போகாம நடக்க வேண்டியது நான்தானே?"

மனசு கேட்காமல் நானும் கூடவே நனைந்தேன். சுற்றுவழி முனையில் அவர் மனைவி குடையோடு நின்றிருந்தார். இந்தப் பக்கம்தான் வருவார் என்று அந்த அம்மாவுக்கு அத்தனை நிச்சயம்!