சுருட்டுக் கொட்டிலில் வாசித்த படக்கதை

போன கிழமை என் தங்கையின் பேத்தி ஒரு பெரிய தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள். ஓவியம் படிக்கிற பிள்ளை. தாளில் கட்டம் கட்டமாகப் படங்கள். ஒரு கிணறு, ஒரு வாளி, வாளிக்குள் எட்டிப் பார்க்கிற ஒரு பெண். எழுத்து என்று ஒன்றும் இல்லை.

"விளக்கம் சொல்லமாட்டன் தாத்தா. நீங்களே பாத்துச் சொல்லுங்கோ, என்ன கதையெண்டு."

பார்த்தேன். தண்ணீர் கெட்டுப்போன ஊரைப் பற்றிய கதை என்று விளங்கியது. ஆனால் வாயைத் திறந்து சொல்லத் தொடங்கியதும் தடுமாறிவிட்டேன். அந்தப் பெண் அழுகிறாளா, ஆத்திரப்படுகிறாளா? மூன்றாவது கட்டத்துக்கும் நாலாவது கட்டத்துக்கும் இடையில் ஒரு நாள் போகிறதா, ஒரு வருடம் போகிறதா? நான் சொல்லச் சொல்லப் பிள்ளையின் முகம் சுருங்கியது. "அப்பிடியில்லைத் தாத்தா" என்று தாளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். அச்சு மை காயாத தாள். அவள் போன பிறகும் மணம் மேசையில் நின்றது.

மை மணம் வந்தால் எனக்குப் பின்னாலேயே புகையிலை மணமும் வரும். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் ஒரு காலத்தில் கொக்குவிலில் ஒரு சுருட்டுக் கொட்டிலில் படக்கதை வாசித்தவன். ஆம், படத்தைத்தான். பத்துப் பதினைந்து ஆட்களுக்குக் கேட்கும்படி, உரத்த குரலில்.

இதை இந்தக் காலத்து ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். கொட்டிலில் இரண்டு வரிசையாகச் சம்மணமிட்டு இருந்து சுருட்டுச் சுற்றுவார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பலகை. கண் இலையில், கை இலையில். காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுகளுக்காக ஒருவன் பேப்பர் வாசிப்பான். காலையில் பத்திரிகை, தலைப்பிலிருந்து மரண அறிவித்தல் வரைக்கும். பின்னேரம் தொடர்கதை. வாசிக்கிறவன் சுற்ற வேண்டியதில்லை, அவன் கூலியை மற்றவர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக் கொடுப்பார்கள். பத்து மணி ரயில் போகும்போது மட்டும் கொட்டில் முழுக்க அதிரும். அப்போது நிறுத்தவேண்டும். நிறுத்தின இடத்தை நான் மறந்தாலும் அவர்கள் மறக்கமாட்டார்கள்.

அந்த வேலைக்கு நான் எப்படி வந்தேன் என்றால், வேறு வேலை எதிலும் நிலைக்கவில்லை. அப்பா செத்த வருடம் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பிறகு வடமராட்சிக் கரையில் வலை இழுத்தேன். பட்டணத்தில் ஒரு பேக்கரியில் மா பிசைந்தேன். ஒரு பெயர்ப்பலகைக்காரரோடு ஏணி தூக்கித் திரிந்தேன். அவர் எழுத்துக்களை எழுதுவார், ஓரத்துப் பூவையும் கொடியையும் நான் கீறுவேன். அந்தக் கொடிகளை நம்பித்தான் சனிக்கிழமைகளில் ஒரு சித்திர வகுப்பில் போய் இருந்தேன். காசு கேட்கவில்லை, அதனால் போனேன். மூன்று மாதமாக ஒரே ஒரு மண் கூசாவை, தண்ணீர் வைக்கிற அந்தச் சாடியைக் கீறினோம். இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு கூசா கீறுவேன், வேண்டுமானால் சொல்லுங்கள்.

வகுப்பு முடிந்தால் வாசலில் நின்று வாக்குவாதம். படம் சனத்தின் பிரச்சினையைப் பேசவேண்டும் என்பான் ஒருவன். படம் ஒருவருடைய பிரச்சினையையும் பேசவேண்டியதில்லை, கோடு சரியாக இருந்தால் காணும் என்பான் மற்றவன். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகவே படும். வீட்டுக்கு நடக்கும்போது இரண்டும் பிழை போலவும் இருக்கும். முதலாவது ஆள் ஒரு சின்னச் சஞ்சிகை நடத்தினான். "எழுத்தில்லாமல் ஒரு படக்கதை கீறித் தா. வாசிக்கத் தெரியாத ஆக்களுக்கும் விளங்கவேணும்" என்றான். நானும் தலையாட்டினேன்.

கதை என்னிடம் இருந்தது. என்னுடையது இல்லை, செல்லண்ணையுடையது.

பிறப்புப் பதிவில் அவருக்குச் செல்லத்துரை என்று பெயர். கொட்டிலில் எல்லோருக்கும் அவர் செல்லன். தாங்கள் தாழ்த்தி வைத்திருந்த சாதியில் ஒருவனுக்குத் துரை என்று பெயர் இருப்பதை வாயால் சொல்ல அங்கே யாரும் தயாராக இல்லை. அவர் சுற்றுவதில்லை. வாசலோரம் ஒரு சாக்கில் தனியே இருந்து, இலையின் நடு நரம்பைக் கிழித்து எடுத்துக் கொடுப்பார். என்னைவிட ஏழெட்டு வயது கூட. தனியே இருக்கும்போது அவரை அண்ணை என்பேன். ஆட்கள் நடுவில் பெயரே சொல்லாமல் "இஞ்சை" என்று சமாளிப்பேன். அவரும் என்னைத் தம்பி என்று கூப்பிட முன்னர் ஒருமுறை சுற்றிப் பார்ப்பார்.

ரயில் போன கையோடு எதிர்க் கடையிலிருந்து தேநீர் வரும். எல்லோருக்கும் கிளாசில். செல்லண்ணைக்கு மட்டும் ஒரு சோடாப் போத்தலில். கடை எங்கள் முதலாளியின் மச்சானுடையது. கடைக்குப் போனாலும் அவருக்கு அதே போத்தல்தான், மற்றவர்கள் இருக்கிற வாங்குப் பலகையில் இருக்கமுடியாது, வெளியே குந்தி இருந்துதான் குடிக்கவேண்டும். தேநீர்க் கடைகளுக்குள் எல்லோரையும் விடவேண்டும் என்று அந்த வருடங்களில் சில ஊர்களில் ஆட்கள் திரண்டு போனார்கள். அடிபாடும் நடந்தது. பத்திரிகையில் அந்தச் செய்தி வந்தால் நான் வாசிப்பேன். கொட்டிலில் இலை கிழிகிற சத்தம் மட்டும் கேட்கும்.

ஒருநாள் மத்தியானம் செல்லண்ணை சொன்னார்: "தம்பி, உந்தப் போத்தலை ஒருநாள் கொண்டுபோய்க் கடை மேசையிலை வைக்கவேணும். வைச்சிட்டு வாங்கிலை இருக்கவேணும். ஒண்டும் கதைக்கப்படாது. சும்மா இருந்து பாக்கவேணும்."

"வையுங்கோவன் அண்ணை."

"நாலு பிள்ளையள், தம்பி."

அவர் செய்யாததை நான் கீறினேன். ஆறு கட்டம். கை நீட்டுவது, போத்தல் வருவது, குந்தியிருந்து குடிப்பது, உள்ளே அடுக்கியிருக்கிற கிளாசுகளைப் பார்ப்பது, கடைக்குள் கால் வைப்பது. ஆறாவதில் போத்தல் மேசையில், மனிதன் வாங்கில். உலோகத்தில் அச்சுக்கட்டை செய்யக் காசில்லை. ஒரு பழைய வீட்டுத் தரையிலிருந்து கழற்றின லினோலிய விரிப்புத் துண்டுகளில், கட்டத்துக்கு ஒன்றாக, பேனாக் கத்தியால் வெட்டினேன். விரல் இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டது. முகத்துக்குச் செல்லண்ணையின் முகத்தையே வைத்தேன். அவரிடம் சொன்னேன். "பத்திரிகையிலை வந்தால் நீர் இஞ்சை வாசிப்பீரோ?" என்று கேட்டார்.

"ஓம், வாசிப்பன்."

"எல்லாருக்கும் கேக்கவோ?"

"எல்லாருக்கும் கேக்க."

சஞ்சிகை வந்த அன்று, தேநீர் முடிந்த பிறகு, என் படம் வந்திருக்கிறது என்று சொன்னேன். பரமர் என்று ஒருவர் இருந்தார், முன்வரிசை, வாய்க்காரன். "ஓவியர், படத்தை எப்பிடியடா வாசிப்பாய்? மூக்கு, வாய், காது எண்டோ?" கொட்டில் சிரித்தது. செல்லண்ணை நரம்பு கிழிக்கிறதை நிறுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவர் வேலையை நிறுத்திக் கேட்டதை அதற்கு முன்னர் நான் கண்டதில்லை.

தொடங்கினேன். முதற் படத்தில் ஒரு கடை, ஒரு கை. இரண்டாவதில் அந்தக் கையில் போத்தல். என்ன கதை என்று அவர்களுக்கு விளங்கத் தொடங்கிவிட்டது. மூன்றாவதை வாசித்தேன். நாலாவதை முடிக்கும்போது வாசல் இருண்டது. முதலாளி, குடையோடு. வழக்கமாக அந்த நேரத்தில் வரமாட்டார்.

"என்ன தம்பி, புதுக் கதையோ? வாசி, வாசி" என்று கதிரையில் இருந்தார்.

அடுத்த படம் கடைக்குள் கால் வைப்பது. படம் என் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, நான் வெட்டின கோடு. என் வாய் சொன்னது: "அஞ்சாவது படத்திலை அவன் போத்தலைக் கையிலை எடுத்துக்கொண்டு வீட்டை போறான். வீட்டிலை மனிசி பிள்ளைத்தாச்சி. ஆறாவது படத்திலை மனிசி தேத்தண்ணி குடிக்கிறாள். அவன் பாத்துச் சிரிக்கிறான். கடைக்காரர் கூடக் கொஞ்சம் சீனி போட்டு விட்டவர்."

சீனியை ஏன் போட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. கேட்கிறவர்களுக்குப் படம் தெரியாதல்லவா, நான் சொன்னதுதான் படம். கொட்டிலில் ஒரு மூச்சு விட்ட சத்தம் கேட்டது. முதலாளி தலையாட்டினார். "அப்பிடித்தான். நல்ல மனிசரையும் காட்டவேணும்." பரமர் விடவில்லை. "பேந்து என்ன, பொடியனோ பெட்டையோ?" எல்லோரும் சிரித்தார்கள். உங்களிடம் மறைத்து என்ன, நானும் சிரித்தேன்.

செல்லண்ணை திரும்பவும் இலையைக் கையில் எடுத்தார்.

மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போனபிறகு என்னிடம் வந்தார். கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். "அதை ஒருக்கால் தாரும்." வாசல் வெளிச்சத்தில் பிடித்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தார். அவர் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. ஆனால் நான் பயந்தது போலவே, எழுத்தில்லாத கதை அவருக்கு நன்றாக விளங்கியது.

"எல்லாரும் இடங்கையாலை குடிக்கினம்" என்றார்.

அப்போதுதான் கண்டேன். லினோலியத்தில் வெட்டினால் அச்சில் இடம் வலமாகத் திரும்பும். கூசா கீறின கெட்டிக்காரனுக்கு அது ஞாபகம் வரவில்லை. கை வருகிற படமெல்லாம் இடது கையால் கொடுத்து, இடது கையால் வாங்கி, இடது கையால் குடிக்கிறார்கள்.

"பிழைச்சுப் போச்சு அண்ணை."

"அது பறவாயில்லை." கடைசிப் படத்தில் நெடுநேரம் நின்றார். "இதிலை நான் வாங்கிலை இருக்கிறன்."

"ஓம்."

"நீர் வாசிக்கேக்கை நான் இருக்கேல்லை."

முதலாளி வந்தார், உங்களுக்கும் வேலை போயிருக்கும், நாலு பிள்ளைகள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று ஏதேதோ சொன்னேன். எல்லாமே உண்மை. அவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வாய் திரும்பின அந்த நேரத்தில் அவர் என் நினைவிலேயே இருக்கவில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது. தாளை மடிப்புக் குலையாமல் திருப்பித் தந்தார். "வைச்சிருங்கோ அண்ணை" என்றேன். "எனக்கேன்" என்றார்.

அதோடு முடிந்திருந்தால் நான் மறந்திருப்பேன். அடுத்த நாள் தேநீர் வந்தது. போத்தலைச் செல்லண்ணையிடம் நீட்டும்போது பரமர் சொன்னார்: "செல்லன், குடிச்சிடாதை. வீட்டை கொண்டுபோய் மனிசிக்குக் குடு. கூடச் சீனி போட்டிருக்கு." கொட்டில் குலுங்கியது. அதற்கடுத்த நாளும் அதே பகிடி. மூன்றாம் நாள் கடையில் வேலை செய்கிறவனே சொன்னான். என் கதை கொட்டிலைத் தாண்டி ரோட்டைக் கடந்து கடைக்குப் போய்விட்டது. ஒரு படக்கதை அவ்வளவு தூரம் போவதென்றால் எந்தக் கலைஞனும் சந்தோஷப்படவேண்டும்.

நாலாம் நாள் நான் எழும்பி நின்று சொன்னேன்: "பரமண்ணை, கதை அப்பிடியில்லை. நான் பிழையா வாசிச்சனான். படத்திலை அவர் கடைக்குள்ளை போறார்."

பரமர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "நீதானேடா கீறினனி, நீதானேடா வாசிச்சனி. இப்ப வேறையெண்டால் ஆர் நம்புறது? உதை விட்டிட்டுப் பேப்பரை வாசி."

சஞ்சிகையை நீட்டினேன். எல்லோருடைய கையும் ஈரம், எல்லோருடைய மடியிலும் பலகை. ஒருவரும் வாங்கவில்லை. செல்லண்ணை குனிந்தபடி நரம்பு கிழித்துக்கொண்டிருந்தார். நான் பேப்பரை விரித்து வாசிக்கத் தொடங்கினேன். மரண அறிவித்தல்கள் அன்றைக்கு நிறைய.

இரண்டு கிழமையில் அவர் வேலைக்கு வருவதை நிறுத்தினார். கிளிநொச்சிப் பக்கம், குடும்பத்தோடு, யாருடையவோ வயலுக்கு என்றார்கள். அவர் இருந்த சாக்கில் வேறொருவர் வந்து இருந்தார். போத்தலும் அவருக்கு வந்தது. நான் மழை தொடங்குமுன் கொட்டிலையும் விட்டேன், சித்திர வகுப்பையும் விட்டேன். சஞ்சிகைக்காரன் இன்னொரு படக்கதை கேட்டான். நீ சொன்ன மாதிரி வாசிக்கத் தெரியாதவர்களுக்கு விளங்கிவிட்டது, அதுதான் பிரச்சினை என்றேன். அவனுக்கு அது விளங்கவில்லை. எனக்கு மட்டும் விளங்கியது என்றா நினைக்கிறீர்கள்?

கொட்டில்களில் பிறகு றேடியோ வந்தது. வாசிக்கிறவன் தேவைப்படாமல் போனான். பிறகு கொட்டில்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எங்கள் கொட்டில் இருந்த காணியில் ஒரு மாடி வீடு நிற்கிறது. கடை இல்லை, மச்சான் இல்லை, பரமர் இல்லை. போத்தலில் தேநீர் கொடுத்ததைப் பற்றிக் கேட்டால், அப்படி ஒரு வழக்கம் இந்தப் பக்கத்தில் இருக்கவே இல்லை என்று சத்தியம் பண்ணுகிற ஆட்கள் இருக்கிறார்கள். சஞ்சிகை நாலு இதழோடு நின்றது. என்னிடம் இருந்த பிரதி யுத்தகாலத்து ஏதோ ஒரு இடப்பெயர்வில் போயிற்று. நூலகங்களிலும் கேட்டுப் பார்த்தேன், இல்லை. லினோலியத் துண்டுகளை அச்சகத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அச்சகமும் இல்லை.

அந்த ஆறாவது படத்தை நினைவிலிருந்து திரும்பக் கீறலாம் என்று பல தடவை இருந்து பார்த்தேன். மேசை வருகிறது, வாங்கு வருகிறது, போத்தல்கூட வருகிறது. முகம் வரும் இடத்தில் என் கை தானாகவே ஒரு சிரிப்பைக் கீறிவிடுகிறது, பக்கத்தில் ஒரு பிள்ளைத்தாச்சியையும். செல்லண்ணைக்கு அந்த வாங்கில் நான் வெட்டிக்கொடுத்த முகம் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. எங்கள் கொட்டிலில் அதை முழுதாகப் பார்த்த மனிதர் அவர் ஒருவர்தான்.