கொடிக்கு வழிவிட்ட தெரு

புத்தூர்ப் பக்கத்து அந்தக் காலனியில் யார் செத்தாலும் பிணம் ஏரிக்கரைச் சேற்றைச் சுற்றித்தான் சுடுகாட்டுக்குப் போகும். ஊர்த்தெரு வழியாகப் போனால் கால் மணி நேரம். ஆனால் ஊரார் விடமாட்டார்கள். தன் புருஷனை முழங்கால் சேற்றில் தூக்கிப் போனதை ரத்னம்மா மறக்கவே இல்லை.

தொண்ணூற்றொன்பதில், எல்லைச் சண்டையில் அவள் மகன் திருமலை செத்தான். ரேணிகுண்டாவிலிருந்து அவன் உடலோடு வந்த ராணுவ லாரி, யாரையும் கேட்காமல் ஊர்த்தெருவுக்குள் நுழைந்தது. அவளைப் படி மிதிக்க விடாத வீடுகளெல்லாம் பூ இறைத்தன. "ஜோஹார் திருமலை" என்று தொண்டை கிழிய வணக்கம் சொன்னார்கள். பெற்ற வயிறு எரிந்தாலும் அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

அடுத்த மாதம் கிழவர் கங்கையா செத்தார். மகன்மேல் போர்த்திவந்து ராணுவம் கொடுத்துப்போன தேசியக் கொடியைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து, ரத்னம்மா அவரைத் தலைமுதல் கால்வரை போர்த்தினாள். பாடையை ஊர்த்தெருப் பக்கம் திருப்பச் சொன்னாள். தடியோடு எழுந்தவர்கள் கொடியைப் பார்த்ததும் அப்படியே நின்றார்கள். ஒருவன் கை நெற்றிக்குப் போனது. "ஜோஹார் திருமலை" என்றான். தெருவே திருப்பிச் சொன்னது. செத்தது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அதுவே வழக்கமாகிவிட்டது. காலனிப் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்குப் போனார்கள், சாவுக்கு மட்டும் பைக்கில் வந்தார்கள். பதினோரு பிணம் போயிற்று. ஆணோ பெண்ணோ, எல்லாம் திருமலையாகவே போயிற்று. கொடியை மடித்து வாங்கிவர ரத்னம்மாவே சுடுகாடு வரை போவாள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு மகன் புதிதாகச் செத்தான். ஒருமுறை துணி விலகித் தெரிந்த பாதத்தில் அவனுடைய தழும்பு இருந்தது. சுடுகாட்டில் விலக்கிப் பார்த்தால், அன்று செத்த செங்கம்மாதான்.

தங்கை மகன் செங்கல்வராயனின் பெண்டாட்டி தாட்சாயணி செத்தபோது அவன் கொடி வேண்டாமென்றான். "பெரிம்மா, அவ மூஞ்சோட போவட்டும்."

தெருமுனையில் ஊரார் மறித்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். காலனிப் பிள்ளைகளே அவன் சட்டையைப் பிடித்து, கொடியை வேண்டாமென்கிற நீ எந்த நாட்டுக்காரன் என்று கேட்டதைத்தான் ரத்னம்மா எதிர்பார்க்கவில்லை. பாடை சரிந்தது. பயந்துபோய் அவளே கொடியைக் கொண்டுவந்து போர்த்தினாள். தெரு திறந்தது.

அன்று மாலை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நா செத்தா இத்த போடாத நைனா. சேத்துலயே தூக்கிக்கினு போ. எம்பேர ஒருவாட்டி சொல்லு."

அவன் சத்தியம் செய்தான்.

தை மாதம் அவள் செத்தாள். பிள்ளைகள் பெட்டியை உடைத்துக் கொடியை எடுத்தார்கள். வீரனைப் பெற்றவளுக்கே இல்லாவிட்டால் வேறு யாருக்கு என்றார்கள். செங்கல்வராயன் வாயைத் திறந்தான். நான்கைந்து பேர் திரும்பி அவனைப் பார்த்தார்கள். பாடைக்கு முன்தோள் கொடுத்தவன் அவன்தான். தெருமுனையில் எல்லாக் கைகளும் நெற்றிக்குப் போயின.

"ஜோஹார் திருமலை" என்று முதலில் குரல் கொடுத்ததும் அவன்தான்.