உள்ளூர் ஆட்கள் மட்டும்

எங்கள் ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால், என் ரீசார்ஜ் கடைக்கு வந்து சாயங்காலம் ஒரு மணி நேரம் நில்லுங்கள் என்பேன். பஸ் ஸ்டாண்டு வாசலில், டீக்கடைக்கும் அடகுக் கடைக்கும் நடுவில் செருகி வைத்த மாதிரி ஒரு கடை. மொபைல் புதிதாக வந்த காலம். ஊருக்குள் டவர் சரியாகக் கிடைக்காது. டாப்-அப் போட்ட கையோடு என் கடை வாசலிலேயே நின்று பேசுவார்கள். தூரத்து ஊருக்குப் பேசுகிறவர்கள் கத்தித்தான் பேசுவார்கள். யார் வீட்டுக் கதையும் எனக்குத் தெரியாமல் போகாது.

மேலவீதியிலிருந்து வரும் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் பெங்களூரில் இருக்கும் மகளிடம் மராத்தியில் கொஞ்சுவார். அந்த மராத்தியைப் புனாவில் பேசினால் சிரிக்கிறார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பட்டுத்தறிக்காரர் மனைவியிடம் சௌராஷ்டிரத்தில் சண்டை போடுவார். பக்கத்தில் நிற்பவர்களுக்குப் புரியாது என்ற தைரியம். குரலிலேயே எல்லாம் புரிந்துவிடும். உரக்கடைக்காரருக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். புதிதாக வந்த பேங்க் மேனேஜர் பிரியாணிக் கடை பாயிடம் உருதுவில் ஏதோ நலம் விசாரிக்க, பாய் திருதிருவென்று விழித்தார். அவர் பரம்பரையிலேயே தமிழைத் தவிர வேறு பேசியவர் கிடையாது. இது போதாதென்று பேக்கரியில் மலையாளம், அடகுக் கடையில் மார்வாடி. அதற்கும் மேலே ரைஸ் மில்லுக்கு மூட்டை தூக்க ரயிலேறி வந்த ஒடிசாக்காரர்கள் வேறு. கடைக்குள் உட்கார்ந்தபடியே உலகம் சுற்றுகிற சந்தோஷம் எனக்கு.

இவர்கள் யாரும் எப்போது வந்தார்கள் என்று ஊர் கேட்டதில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் தெருக்காரர்களைத்தான் ஊர் வெளியாளாக வைத்திருந்தது. இந்த வயல்களில் நாற்று நட்டதும் அறுத்ததும் நாங்கள்தான். ஆனால் ஊர்க் கபடி டீமில் என் அப்பாவுக்கு இடம் கிடையாது. அவர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். நான் ஆட ஆரம்பித்து, பிறகு கேப்டனும் ஆனேன். அது சும்மா ஆகிவிடவில்லை. என் முதல் ஆட்டத்தில் என்னைப் பிடித்துப் போட்டபோது, எங்கள் தெருப் பெயரைச் சொல்லி எங்கள் ஊர்க்காரர் ஒருவரே காறித் துப்பினார். அவுட்டானது வலிக்கவில்லை, அதுதான் வலித்தது. ஆகவே 'உள்ளூர்' என்ற வார்த்தையை யாராவது கொஞ்சம் அழுத்திச் சொன்னாலே எனக்குச் சுருக்கென்று ஏறிவிடும்.

அந்த வருஷம் என் டீமை விசா சாப்பிட்டுவிட்டது. பாஸ்போர்ட் வைத்திருந்தவன் எல்லாம் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் பறந்துவிட்டான். கடைசியாகப் போனவன் பிரியாணிக் கடை பாயின் மகன். எதிர்க்கோட்டுக்குள் பாடிப் போனால் ஆளைத் தொடாமல் திரும்பாதவன், என் உயிர் நண்பன். காணும் பொங்கலுக்கு ஆற்றுக்கு அக்கரை ஊரோடு மேட்ச். ஆறு பேர்தான் தேறினோம். ஏழாவது ஆளுக்கு எங்கே போவது?

ஏழாவது ஆள் என் கடைக்கே வந்து நின்றான். ஒடிசாவில் இருக்கும் அம்மாவுக்குப் பேச வாராவாரம் வருகிற மில் தொழிலாளி. மூன்று அறுவடை பார்த்துவிட்டவன். மூட்டை தூக்கும் இடத்தில் தமிழ் கற்றதால், கெட்ட வார்த்தையை முதலிலும் மரியாதையைப் பிறகும் கற்றவன். ஒருநாள் மில் களத்தில் அவர்கள் ஆடுவதைப் பார்த்தேன். அவனைப் பிடிக்க நாலு பேர் பாய்ந்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே நடுவில் புகுந்து வந்துவிட்டான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அங்கேயே போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஊருக்கு ஆடுகிறாயா என்று கேட்டதற்கு, அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். மறுநாள் அம்மா சரி சொல்லிவிட்டாள்.

காணும் பொங்கலன்று பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் திடல் நிரம்பி மரத்தின் மேலெல்லாம் ஆள். பாய் மகன் துபாயிலிருந்து என் போனுக்குக் கூப்பிட்டான். அங்கே அறை முழுக்க நம் ஊர்க்காரர்கள், லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், மேட்ச்சைச் சொல்ல ஆள் வேண்டும் என்றான். போனைப் போஸ்ட்மாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் தந்தி அடிக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல ஆரம்பித்தார்.

நாங்கள் கோட்டுக்குள் இறங்கியதும் அக்கரை கேப்டன் கையைத் தூக்கினான். நோட்டீஸில் உள்ளூர் ஆட்கள் மட்டும் என்று போட்டிருக்கிறது, மில்காரன் எப்படி ஆடுவான் என்றான். என் ரத்தம் தலைக்கு ஏறியது. உங்கள் டீமில் இருக்கிற சென்னைக் காலேஜ் பையன் பொங்கலுக்கு மட்டும் வருகிறானே, அவன் எந்த ஊர் என்று நானும் எகிறினேன். கைகலப்பு ஆகியிருக்கும். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்த நடுவர், பழைய பி.டி. மாஸ்டர், விசிலை ஊதி எல்லாரையும் அடக்கினார்.

"இது கவர்மெண்ட் நடத்துற போட்டி இல்லைங்க, ரேஷன் கார்டு கேக்குறதுக்கு. இவரு நம்ம ஆளுன்னு இந்த ஊரு கைதூக்கட்டும், ஆடட்டும். இல்லைன்னா உக்காரட்டும்."

ஒடிசாப் பையன் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். முதலில் டீக்கடை அக்கா கையைத் தூக்கியது. பிறகு உரக்கடைக்காரர். அப்புறம் போனைக் காதில் வைத்தபடியே போஸ்ட்மாஸ்டர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே திடல் முழுக்கக் கைகள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அக்கரை கேப்டன் என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னான்.

"ஜெயிச்சா உங்க ஆளு. தோத்துட்டா யாரு ஆளுன்னு பாக்கத்தானே போறோம்."

அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவன் சொன்னதில் நியாயம் இருந்ததால்தான் அவ்வளவு கோபம். கைதூக்கியவர்களில் பாதிப் பேர் ஜெயிக்கிற ஆசையில் தூக்கியவர்கள் என்று எனக்குத் தெரியாதா? காறித் துப்பிய சத்தம் என் காதை விட்டு இன்னும் போகவில்லை.

ஆட்டம் என்றால் அதுதான் ஆட்டம். எங்கள் ஏழாவது ஆள் பாடிப் போனான், தொட்டான், வந்தான். கபடி கபடி என்பதை அவன் சொல்கிற மாதிரியே சின்னப் பிள்ளைகள் மரத்தின் மேலிருந்து சொல்ல ஆரம்பித்தன. நான் இரண்டு பேரைத் தொடையைப் பிடித்துக் கவிழ்த்தேன். முட்டி கிழிந்ததே தெரியவில்லை. அவர்கள் முன்னேற, நாங்கள் எட்டிப் பிடிக்க, கடைசிப் பாட்டுக்கு வந்தபோது ஒரே ஒரு பாயிண்டில் பின்தங்கியிருந்தோம். அவனை அனுப்பினேன்.

போனதும் ஒருவனைத் தொட்டுவிட்டான். திடல் எழுந்து நின்றது. திரும்பியிருந்தால் சமம். திரும்பாமல், மூலையில் நின்றவனுக்கும் கையை நீட்டினான். அவ்வளவுதான், கணுக்காலை ஒருவன் பிடித்தான், மேலே நாலு பேர் விழுந்தார்கள். அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு மண்ணில் ஊர்ந்து வந்தான். நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது மூச்சு விட்டுப்போனது. விசில் ஊதிவிட்டது.

அக்கரைக்காரர்கள் குதித்தார்கள். அவன் மண்ணிலேயே கிடந்தான். நம் ஆட்கள் கூட்டமாக அவனை நோக்கி வருவதைப் பார்த்ததும் நான் முந்திக்கொண்டு ஓடி அவனுக்கு முன்னால் நின்றேன். யாராவது வெளியாள் என்ற வார்த்தையைச் சொல்லட்டும், பல்லைத் தட்டிவிடுகிறேன் என்று கை முறுக்கியே இருந்தது. டீக்கடை அக்கா என்னைத் தள்ளிவிட்டுக் குனிந்தது.

"ஒருத்தனத் தொட்டேல்ல, ஓடியாற வேண்டியதுதானேடா. ரெண்டாவது ஆளு எதுக்குடா ஒனக்கு? நம்ம ஊரு மானத்த வாங்கிட்டியேடா, படுபாவி."

உரக்கடைக்காரர் இரண்டு மொழியிலும் திட்டினார். தறிக்காரர் தன் மொழியில் நீளமாக ஏதோ சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பாய், தன் மகன் ஆடியிருந்தாலும் இதே கிறுக்குத்தனம்தான் செய்திருப்பான், இரண்டும் ஒரே ரகம் என்று கத்தினார். மில்காரன் என்றோ வெளியூர்க்காரன் என்றோ ஒருவர் வாயிலும் வரவில்லை. போஸ்ட்மாஸ்டர் போனை நீட்டினார். துபாயிலிருந்து என் நண்பன் போட்ட கூச்சல் எனக்கே கேட்டது: கடைசிப் பாட்டுல மூலைக்கு எவனாவது போவானா, அறிவிருக்கா என்று.

அவன் எழுந்து உட்கார்ந்து, வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டுப் போனை வாங்கினான். இரண்டு தரம் சரிண்ணே சரிண்ணே என்றான். மூன்றாவது தரம் அவனுக்கும் பொறுக்கவில்லை.

"நீங்க வந்து ஆடுங்கண்ணே, பாக்கலாம். ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு பேசாதீங்க."

அக்கா அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தது. வாயைப் பாரு இவனுக்கு என்று ஊரே மறுபடியும் திட்ட ஆரம்பித்தது. ஆளுக்கொரு பக்கமாக அவனைத் தூக்கி நிறுத்தினார்கள். டீக்கடை போகிற வழி முழுக்கத் திட்டிக்கொண்டே போனார்கள், அவனும் விடாமல் பதில் சொல்லிக்கொண்டே நடந்தான். நான் பின்னால் முட்டியில் ரத்தம் ஒழுக வந்தேன். தோற்றுப்போன கேப்டன் எதற்கு இப்படிச் சிரிக்கிறான் என்று அக்கரை கேப்டன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.