மதகு தாண்டினால் நிற்கும் லொறி

என் தங்கையின் மகன் அவுஸ்திரேலியாவில் லொறி ஓட்டுகிறான். அங்கே கோதுமை வெட்டும் காலம் வந்துவிட்டால் அவனுக்கு வீடும் லொறிதான், ஊரும் லொறிதான். போன கிழமை வீடியோவில் கூப்பிட்டு அதைச் சுற்றிக் காட்டினான். இங்கே கனடாவில், ரூஜில், என் வீட்டு வாசலில் முதல் பனி விழுந்து கிடக்கிறது. அங்கே அவன் வியர்வை துடைக்கிறான். பின்னால் மூன்று பெரிய பெட்டிகளைக் கொளுவிக்கொண்டு லொறி ரயில் மாதிரி நின்றது. வயலில் மெசின் வெட்டுகிறது, தானியம் நேரே பெட்டிக்குள் கொட்டுகிறது. மூட்டை இல்லை, சாக்கு இல்லை, தோளில் சுமக்க ஆளும் இல்லை.

நான் இரண்டு விஷயம் கேட்டேன். முதலில் எஞ்சினைப் போடச் சொன்னேன். போட்டான். சத்தத்தைக் கேட்டுவிட்டு, பெல்ட் ஒன்று தளர்ந்திருக்கிறது, பார் என்றேன். சிரித்தான். இரண்டு நாள் கழித்து பெல்ட் மாற்றிய படம் அனுப்பியிருந்தான். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டேன்.

இரண்டாவதாக, வழியில் எங்கே நின்று தண்ணீர் குடிப்பாய் என்று கேட்டேன்.

"கபினுக்குள்ளேயே பிரிஜ் இரிக்கி பெரியம்மா. ஒரு இடமும் நிக்கத் தேவல்ல."

அவனுக்கு முப்பத்தைந்து வயது. இன்னும் கலியாணம் ஆகவில்லை. கனடாவில் ஒரு பெண் பார் என்று தங்கை ஒவ்வொரு ஞாயிறும் என்னைக் கரைச்சல்படுத்துகிறாள். முதலில் அந்தப் பிரிஜ்ஜைக் கழற்றச் சொல்லு, பெண்ணைப் பிறகு பார்க்கலாம் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. விளங்காதுதான். ஊரில் எங்கள் மாமாவின் லொறி ஓடிய காலத்தில் அவள் தொட்டிலில் கிடந்தாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த ஆங்கிலம் யெஸ், நோ இரண்டும்தான். அதிலும் யெஸ் சொல்ல வேண்டிய இடங்களில் நோ சொல்லியிருக்கிறேன். டோர்செட் பார்க்கில் ஓர் அறையில் இருந்துகொண்டு பேக்கரியில் தட்டுக் கழுவினேன். பிறகு லைசென்ஸ் எடுத்தேன், உடைசல் வான் ஒன்றை வாங்கி நானே திருத்தி ஓட்டினேன். இன்று ஆறு வான் என் பெயரில் ஓடுகின்றன. ஸ்காபரோவிலிருந்து மிசிசாகா வரைக்கும் தமிழ்க் கடைகளுக்குப் போகிற மரக்கறியில் பாதி என் வானில்தான் போகிறது. மற்றப் பாதி பிந்திப் போகிறது. எந்த எஞ்சின் இருமினாலும் எனக்கு நோய் தெரியும். யாரிடம் படித்தாய் என்று மெக்கானிக் பெடியன்கள் கேட்பார்கள். யாரிடமும் படிக்கவில்லை. ஒன்பது வயதில் நானாகவே ஒரு லொறியைத் திருத்தினேன்.

அது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அம்மாவின் தம்பி, என் மாமா, ஆலை முதலாளியின் லொறியை ஓட்டினார். அறுவடை தொடங்கினால் களத்திலிருந்து நெல் மூட்டைகளை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோவது அவர் வேலை. அந்த வருடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் வளவில் அப்போது ஏழு பிள்ளைகள். ஏழு பேரில் மாமா என்னைத்தான் கையைப் பிடித்துத் தூக்கி முன் இருக்கையில் வைத்தார். நான் கெட்டிக்காரி என்பதால்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பள்ளிக்கூடம் என்னைத் தேடவில்லை. நானும் அதைத் தேடவில்லை.

அறுவடை முடிந்த கையோடு மாமாவுக்குக் கலியாணம் முடித்துவிட வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். பெண்ணும் பார்த்தாகிவிட்டது. வயலும் வளவும் உள்ள இடம். மாமா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. லொறி ஓட்டினார்.

களத்திலிருந்து வரும் மண் பாதை குளக்கட்டில் ஏறி ஒரு மதகைத் தாண்டும். மதகு தாண்டி ஒரு கூப்பிடு தூரத்தில் ஒரே ஒரு வீடு. லொறி அந்த வீட்டுக்கு நேரே வரும்போது இரண்டு முறை இருமும், ஒரு முறை குலுங்கும், நின்றுவிடும். மாமா உச்சுக்கொட்டிக்கொண்டு இறங்குவார். மூடியைத் திறந்து, சாவியால் எங்கேயோ தட்டுவார். "புள்ளைக்குத் தண்ணி விடாய்க்குது" என்று வீட்டைப் பார்த்துச் சொல்லுவார். எனக்கு விடாய்க்கிறதா என்று அவர் என்னைக் கேட்டதில்லை.

வீட்டிலிருந்து ஒரு பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவருவாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். புருசனைப் பாம்பு கடித்து இரண்டு வருடம். கண் தெரியாத தகப்பனோடு இருந்தாள். நான் அக்கா என்று கூப்பிட்டேன். மாமா, "மாமி எண்டு கூப்பிடு புள்ள" என்றார். இவ்வளவு இளமையான மாமியை நான் கண்டதில்லை. ஆனாலும் கூப்பிட்டேன். மாமா லொறியைத் திருத்தும் அரை மணி நேரமும் அவள் வேலிக்கு உள்ளே நிற்பாள், மாமா வேலிக்கு வெளியே நிற்பார். நான் நடுவில் குந்தியிருப்பேன். காற்றில் அவிழ்ந்த என் இரட்டைப் பின்னலை அவள் வேலிக்கு மேலால் கையை நீட்டி இறுக்கி, சிவப்பு றிபனால் முடிந்துவிடுவாள். கழன்று போகாத முடிச்சு ஒன்று அவளுக்குத் தெரியும். மூன்று நாளில் நானும் அதைப் பழகிக்கொண்டேன்.

ஆனால் என் மூளை லொறியிலேயே இருந்தது. இது ஏன் இங்கே மட்டும் நிற்கிறது? பாரம் கூடியதால் என்றார் மாமா. ஒரு நாள் அரை லோட்தான் வந்தது, அன்றைக்கும் நின்றது. சூட்டினால் என்றார். மழை தூறிய நாளிலும் நின்றது. திரும்பி வரும்போது வெறும் லொறியில் சந்தைக்குப் போன ஊர்ச் சனம் ஏறி வரும். அப்போது மட்டும் அதற்கு ஒரு நோயும் வராது. நான் கேள்வி கேட்கக் கேட்க மாமா கொக்குக் காட்டுவார். அதுவும் மதகடியில் தவறாமல். "அங்க பார் புள்ள, கொக்கு!" நானும் ஒவ்வொரு நாளும் திரும்பிப் பார்த்தேன். சில நாட்களில் கொக்கு இருந்தது.

ஒரு நாள் லொறி நின்றுபோய் இருக்கும்போது என் மடியிலிருந்த இலந்தைப்பழம் உருண்டு இருக்கைக்குக் கீழே போனது. எடுக்கக் குனிந்தேன். அங்கே பெற்றோல் பைப்பில் தண்ணீர்க் குழாய்க்கு இருப்பது மாதிரி ஒரு பித்தளைத் திருகு, விரல் அளவில், குறுக்கே கிடந்தது. மாமா வந்து லொறியைக் கிளப்பிய பிறகு குனிந்து பார்த்தேன். நேரே நின்றது. அடுத்த நாள் மதகுக்கு முன்னால் பார்த்தேன், நேரே. வீட்டுக்கு முன்னால் பார்த்தேன், குறுக்கே. எனக்குப் பிடிபட்டுவிட்டது. மதகில் ஏறி இறங்கும்போது மூட்டைப் பாரத்தில் லொறி துள்ளுகிறது. துள்ளலில் திருகு தானாகத் திரும்பிவிடுகிறது. பெற்றோல் அடைபட்டு எஞ்சின் மூச்சடங்கிப் போகிறது. பெரிய பெரிய ஆட்களுக்குப் பிடிபடாதது எனக்குப் பிடிபட்டதை நினைக்க நெஞ்சு விம்மியது. மாமாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவர் கண்டுபிடித்ததாகிவிடும்.

அந்தக் கிழமைதான் முதலாளி சத்தம் போட்டார். வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, நெல் பிந்தி வருகிறது. வெள்ளிக்கிழமை நானே லொறியில் வருவேன், நின்றால் அந்த இடத்திலேயே வேறு டிரைவர் என்றார். அன்று வேலியடியில் மாமா இதை அவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அவள் என் பின்னலை முடிந்துகொண்டே கேட்டாள்.

"முதலாளி பக்கத்தில இரிக்கக்குள்ள நிப்பாட்டுவீங்களா?"

மாமா திறந்து கிடந்த மூடியை இறக்கிச் சாத்தினார்.

"வெள்ளிக்கிழமையும் நிண்டா எனக்குக் காணும். வேற ஒண்டும் கேக்கமாட்டன். நீங்க கேட்டதுக்கு ஓம் எண்டு சொல்லுவன்."

லொறி பழுதாக வேண்டும் என்று ஆசைப்படுகிற ஒரு மனுசியை அன்றுதான் கண்டேன். அதை நினைத்து எனக்குக் கவலையாகவும் இருந்தது. நின்றால் மாமாவின் வேலை போய்விடுமே! என்னை விட்டால் மாமாவைக் காப்பாற்ற ஆளில்லை.

வெள்ளிக்கிழமை காலை களத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது இருக்கைக்குக் கீழே புகுந்தேன். என் இடப்பக்கப் பின்னலிலிருந்து றிபனை அவிழ்த்து, திருகை நேரே நிறுத்தி, இருக்கையின் இரும்புக் காலோடு சேர்த்துக் கட்டினேன். அந்தக் கழன்று போகாத முடிச்சையே போட்டேன்.

மாமா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முதலாளி மற்றப் பக்கத்தில் ஏறினார். நான் நடுவில்.

"எங்கடா நிக்கிற உன்ட லொறி?"

"இன்னும் கொஞ்சத் தூரம் இரிக்கி முதலாளி."

மதகு வந்தது. மாமா, "அங்க பாருங்க முதலாளி, கொக்கு" என்றார்.

"கொக்குப் பாக்கவாடா வந்த நான்?"

நான் இந்த முறை கொக்கைப் பார்க்கவில்லை. மாமாவின் இடது கை இருக்கைக்குக் கீழே போவதைப் பார்த்தேன். அவருக்கும் திருகில் சந்தேகம் வந்து அதைச் சரிபார்க்கிறார் என்று நினைத்தேன். கை தடவியது. நின்றது. மறுபடியும் தடவி, எதையோ பிடித்து இழுத்தது. பிறகு மாமா என்னைப் பார்த்தார். என் ஒரு பக்கப் பின்னல் அவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

வீடு தெரிந்தது. எப்போதும் வேலிக்கு உள்ளே நிற்பவள் அன்றைக்கு வெளியே வந்து, தெருவிலேயே நின்றாள். கையில் செம்பு.

"புள்ள," என்றார் மாமா. "உனக்குத் தண்ணி விடாய்க்கல்லையா?"

அவர் என்னை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. உண்மையில் எனக்கு நாக்கு வறண்டு ஒட்டிப்போயிருந்தது. களத்துத் தூசி தொண்டைக்குள் இருந்தது. ஆனால் லொறி நிற்காமல் ஓடுவதை முதலாளி காண வேண்டுமே.

"இல்ல மாமா!"

"நல்லா யோசிச்சுச் சொல்லு புள்ள."

"இல்லவே இல்ல! நீங்க ஓடுங்க!"

முதலாளி தொடையில் தட்டிச் சிரித்தார். "இவள் உன்னை விட நல்லா ஓட்டுவாள்டா!"

லொறி அவளைக் கடந்து போனது. ஒரு இருமல்கூட இல்லை. எஞ்சின் அவ்வளவு சுத்தமாக ஓடி நான் கேட்டதில்லை. கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். புழுதி அடங்கும் வரைக்கும் அந்த இடத்திலேயே நின்றாள். பிறகு செம்பிலிருந்த தண்ணீரை வேலியோரம் நின்ற முருங்கைக்கு ஊற்றினாள். ஒரு சொட்டும் வீணாக்காதவள் என்று மெச்சிக்கொண்டேன்.

அடுத்த ஆவணியில் அம்மா பேசிய இடத்திலேயே மாமாவுக்குக் கலியாணம் நடந்தது. எனக்குப் புதுச் சட்டை. நன்றாகத்தான் வாழ்ந்தார், நாலு பிள்ளைகள். முருங்கை வீட்டுக்காரி தகப்பன் செத்த பிறகு எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு விஷயம் விளங்கியபோது நான் இந்த ஊரில், நெடுஞ்சாலை ஓரத்தில், ஒரு பழுதான வானுக்குள் தனியே இருந்தேன். விளங்கியதும் கொஞ்ச நேரம் எஞ்சினைத் தொடவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். லொறிக்குப் பிரேக் என்று ஒன்று இருந்தது. அது மாமாவின் காலுக்குக் கீழேதான் இருந்தது. அதில் நான் றிபன் கட்டவில்லை. இதை நினைத்து என்னைத் தேற்றிக்கொள்ளும் நாளும் உண்டு, தேறாத நாளும் உண்டு.

அந்த வெள்ளிக்கிழமை ஆலைக்கு முதல் லொறியாகப் போய்ச் சேர்ந்தோம். முதலாளி எல்லாருக்கும் கேட்க என்னைப் புகழ்ந்தார். நான் ஓடிப்போய் ஆலைக் குழாயில் வாயை வைத்து, மூச்சு விடாமல் தண்ணீர் குடித்தேன். நிமிர்ந்தபோது மாமா பக்கத்தில் நின்றார். கையில் என் சிவப்பு றிபன். அவிழ்க்க முடியாமல் கத்தியால் அறுத்திருந்தார்.

"விடாய்க்கல்ல எண்டு சொன்னாய்?"

"சும்மா சொன்ன நான் மாமா. லொறி நிக்கக் கூடாதெண்டு."

மாமா சிரித்தார். வெகுநேரம், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். என் கெட்டித்தனத்தை நினைத்துத்தான் சிரிக்கிறார் என்று, நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.