பித்தளை வளையங்கள்

1. அண்ணனின் படைப்பிரிவு மேற்கு எல்லைக்குப் போனது.
2. அம்பத்தூரில் நான் வேலை பார்த்த பட்டறைக்கு பித்தளை வளையங்கள் செய்து தரச் சொல்லி ஆர்டர் வந்தது.
3. சண்டை தொடங்கியது. விமானத்துக்கு வெளிச்சம் தெரியாதபடி ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டினோம்.
4. சண்டை முடிந்தது. நாம் ஜெயித்துவிட்டோம் என்று பட்டறையில் லட்டு கொடுத்தார்கள்.
5. அண்ணன் கள்ளிக்குப்பத்து வீட்டுக்குத் திரும்பினான். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

இப்படி வரிசையாகச் சொல்லத்தான் எனக்கு முடிகிறது.

டிப்ளமா முடித்துவிட்டு அந்தப் பட்டறையில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தற்காலிக வேலை. கேஜ் என்கிற அளவுக் கருவியின் ஒரு முனை வளையத்துக்குள் நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் பெட்டியில் போடுவேன். அந்த வளையம் ஏதோ குண்டில் பொருந்துகிறது என்பது மட்டும் தெரியும். வரைபடத்தில் பெயர் கிடையாது, எண்தான்.

சண்டை நடந்தபோது ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் வேலை இருந்தது. லட்டு கொடுத்த அன்று லேத்தில் நின்றவர் பக்கத்து மெஷின்காரரிடம், "ஜெயிச்சவங்க ஜெயிச்சாங்க மாமே, நமக்கு ஓ.டி. பூட்ச்சி" என்றார். எல்லோரும் சிரித்தோம், நான் உட்பட. அண்ணனைப் பற்றிய தந்தி அதன் பிறகுதான் வந்தது.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாதமே என்னை நிரந்தரமாக்கப் போவதாக மேனேஜர் சொன்னார். வீட்டில் சொன்னேன். அதுவரை என் வேலை என்னவென்று கேட்டிராத அம்மா அன்று கேட்டாள். சொன்னதும், அந்த வேலையை விட்டுவிடு என்றாள்.

"இன்னொருத்தி பெத்த புள்ளைக்குக் காலு போறதுக்கு நீ கையால எடுத்துக் குடுக்காத."

அப்பா கிடையாது. அண்ணனின் பென்ஷன் இன்னும் வரவில்லை. ஆனாலும் அவன் ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவதென்று இருந்தேன். அவன் சுவரில் சாய்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். எதற்காகச் சண்டை போடுகிறார்கள், இதெல்லாம் என்றைக்காவது நிற்குமா என்று அவனைக் கேட்டேன்.

"எல்லாரும் கோவமா கீறாங்கன்னு நெனச்சிகினுதான் போனேன்" என்றான். "ஒருத்தனுக்கும் கோவம் இல்ல பாப்பா. தூக்கம்தான் வந்துச்சு. நிக்கச் சொன்ன எடத்துல நின்னோம். எதிர்ல கீறவனும் அப்படித்தான் நின்னுகினு இருந்திருப்பான்."

அம்மா விடவில்லை. இவள் வேலையை என்ன செய்வதென்று நீயே சொல்லு நைனா என்று அண்ணனிடம் கேட்டாள். அவன் தோலை ஊதித் தள்ளினான்.

"போவட்டும்மா. இவ போவலன்னா அங்க வேற பொண்ணு நிக்கும்."

மறுநாள் போனேன். கோபத்தில்தான் சண்டை வருகிறது, கோபம் தணிந்தால் நின்றுவிடும் என்று அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் பட்டறையில் யாருக்கும் யார் மீதும் கோபம் இருந்ததில்லை. வேலை முடிகிற சங்கு எப்போது ஊதும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். இல்லாத ஒன்று எப்படித் தணியும் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் நிரந்தர ஊழியர். அண்ணனுக்குக் கொரட்டூரில் ஒரு கம்பெனி கேட்டில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. அம்மா எனக்குச் சாப்பாடு கட்டித் தருகிறாள், பட்டறையைப் பற்றிப் பேசுவதில்லை. சண்டை நின்று மூன்று வருஷம் ஆகிறது. வளையத்துக்கான ஆர்டர் நிற்கவில்லை.