மில்லுப் பேச்சு

என் வீட்டுக்காரர் ஐந்து சொல் சொன்ன கதையைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. எலப்புள்ளியில் அதைக் கேட்காதவர்கள் இனி யாரும் இல்லை. பால் சொசைட்டியில் சொன்னேன், ரேஷன் கடை வரிசையில் சொன்னேன், சிலிண்டர் கொண்டுவந்தவரை வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். "அக்கா, போன மாசமே சொல்லிட்டீங்க" என்றார். அதனாலென்ன, இன்னொரு தடவை கேட்டால் காது தேய்ந்தா போய்விடும்?

மில்லிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கஞ்சிக்கோட்டில் ஒரு நூல் மில்லில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். அறுந்த நூலைப் பிடித்து ஒட்டுகிற வேலை எனக்கு. அவர் மெஷின் பழுது பார்க்கிற ஃபிட்டர். இருபத்தாறு வருஷம். மெஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது, அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. சத்தமே விடாமல் உதட்டை நன்றாகக் குவித்தும் விரித்தும் பேசுவோம். கூடவே கையும் பேசும். மீசையைத் தடவினால் சூப்பர்வைசர் வருகிறார், கட்டைவிரல் உதட்டுக்குப் போனால் டீ. மூன்று மெஷின் தள்ளி நிற்கிறவளின் மாமியார் செய்த அக்கிரமத்தை முழுசாகக் கேட்டு, அதற்கு யோசனையும் சொல்லிவிடலாம். அதைத்தான் மில்லுப் பேச்சு என்போம். அவர் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டதே அந்தப் பேச்சில்தான். கையில் ஸ்பேனரோடு, நாலு மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்று உதட்டால் கேட்டார். நானும் உதட்டாலேயே, "எங்கப்பன்கிட்ட வந்து கேளுங்க" என்றேன். அறுந்த நூலைக்கூட விடவில்லை.

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் சனி பிடித்தது. மகள் கோயமுத்தூரில். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். காலையில் ஒன்று சொல்லி அனுப்புவேன், கையை வீசிக்கொண்டு வருவார்.

"ஏனுங்க, பெருங்காயம் எங்கீங்க?"

"நீ சொல்லவே இல்லியே புள்ள."

"சொன்னேனுங்க! அடுப்புக்கிட்ட நின்னுட்டு ரெண்டு தடவ சொன்னேன். நீங்கதான் மறந்துட்டீங்க."

முதலில் சண்டை போட்டார். பிறகு சண்டை போடுவதை விட்டார். "சொல்லியிருப்ப" என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் செருப்பை மாட்டுவார். கொழிஞ்சாம்பாறையில் கல்யாணம் வியாழக்கிழமை என்று சொல்லியிருந்தேன், அன்றைக்கு லுங்கியோடு தோட்டத்தில் நிற்கிறார். நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போவதை நிறுத்தினார். டீக்கடை பெஞ்சில் அவர் இடத்தில் வேறு ஆள் உட்கார ஆரம்பித்துவிட்டான். இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும், என் மாமனாரைப் பார்த்தவள் நான். மனுஷன் ஒருநாள் வீட்டை விட்டு நடந்து போய்விட்டார். வாளையார் ரோட்டில் லாரிக்காரர்கள் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். ஊர் எது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் பெற்ற மகனையே, "நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதைதான் என் வீட்டுக்காரரைக் கொன்றுபோட்டது.

போன ஆடி மாசம் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஏதோ கெட்டியாகத் தட்டியது. லேமினேஷன் போட்ட சின்ன அட்டை. அவர் கையெழுத்து. அவர் பெயர், ஊர், என் செல் நம்பர். கீழே, 'இவருக்கு வழி தெரியவில்லை என்றால் இந்த நம்பரில் கூப்பிடவும்.' அதையே பக்கத்தில் மலையாளத்திலும் எழுதியிருந்தார். எந்தப் பாஷைக்காரர் கையில் சிக்குவோமோ என்று யோசித்திருக்கிறார் பாவி மனுஷன். தண்ணீர் பட்டால் அழியக் கூடாது என்று லேமினேஷன் வேறு. துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து அழுதேன். பிறகு அட்டையைத் துடைத்து, உலர்ந்த சட்டையின் பையில் பழையபடி வைத்தேன். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவே இல்லை.

அடுத்த வாரம் பஞ்சாயத்து ஹாலில் மறதி நோய்க்கு ஒரு கேம்ப் நடந்தது. "கண்ணு கேம்ப்" என்று பொய் சொல்லித்தான் இழுத்துப் போனேன். டாக்டரம்மா சின்னப் பெண், மலையாளிதான், ஆனால் நம் தமிழ் அருமையாக வரும். ஐந்து சொல் சொல்லி, நடுவில் வேறு ஏதேதோ கேட்டுவிட்டு, அந்த ஐந்தையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். தலைக்கு மேலே ஃபேன் கடகடக்கிறது, வரிசையில் நிற்கிறவர்கள் கதை பேசுகிறார்கள். அவர் இரண்டு சொல் சொன்னார். மூன்றாவதுக்கு என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை மறக்க எனக்கு எந்த நோய் வந்தாலும் முடியாது.

டாக்டரம்மா பேனாவை மூடவில்லை. "ஐயா எங்க வேலை பாத்தார்?" என்று கேட்டார். மில் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முதல்ல காதைப் பாக்கணும். காது மந்தமானதைக் கவனிக்காம விட்டா மறதி நோய் வர்ற வாய்ப்பு கூடுதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. கேக்கறது கொறைஞ்சா மூளைக்குத் தீனி கொறையும். ஆளும் நாலு பேரோட சேராம ஒதுங்கிடுவார். பிரஷர், சுகர், பீடி மாதிரி இதுவும் நாம சரிபண்ணக்கூடிய விஷயம்தான்."

ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குப்பியில் யாரோ எதையோ கலக்கிற சங்கதி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது எங்கள் மில்லின் சத்தத்தைப் பற்றியும், பெருங்காயச் சண்டையைப் பற்றியும் கவலைப்படும் என்று யார் கண்டார்கள்? சரிபண்ணக்கூடியது என்ற ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு வீட்டுக்கு வந்தேன். காலில் செருப்பு இருந்ததா என்றுகூடத் தெரியாது.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் காது பார்க்கிற அறை ஒரு கண்ணாடிப் பெட்டி. அவரை உள்ளே உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். வெளியே மெஷின் முன்னால் ஒரு பெண், அவள் பக்கத்தில் நான். அவர் அமுக்கவே இல்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"ஒண்ணும் கேக்கல புள்ள. நம்ம கதை முடிஞ்சுது போ" என்றார்.

"சும்மா உக்காருங்க. பாதியில எந்திரிச்சா பாத்துக்குங்க!" என்றேன்.

மெஷின் முன்னால் இருந்த பெண் கையை எடுத்துவிட்டாள். "அம்மா, இப்ப நீங்க ரெண்டு பேரும் பேசினீங்களா?"

"ஆமா கண்ணு. மில்லுப் பேச்சு" என்று பெருமையாகச் சொன்னேன். இந்தக் கண்ணாடியெல்லாம் எங்களுக்கு ஒரு பொருட்டா?

அவள் சிரிக்கவில்லை. "வீட்டுலயும் இப்படித்தான் பேசுவீங்களா?"

"ஊட்டுல எதுக்கு? ஊட்டுல சத்தமாத்தான் பேசுவேன்."

அவரை வெளியே கூட்டிவந்து, சுவரைப் பார்த்து உட்கார வைத்தாள். வீட்டில் சொல்கிற மாதிரியே அவரிடம் ஏதாவது சொல்லச் சொன்னாள். நான், "ஏனுங்க, வரும்போது பெருங்காயம் வாங்கிட்டு வாங்க" என்றேன். அவர் அசையவில்லை. "பாத்தியா கண்ணு, இதான் இவரு" என்று திரும்பினேன். அந்தப் பெண் என் தோளில் கை வைத்தாள்.

"அம்மா, எனக்கும் கேக்கலை. நான் உங்க பக்கத்துலதான் நிக்கறேன். என்கிட்ட பேசினா சத்தம் வருது, அவர்கிட்ட பேசினப்ப உதடு மட்டும்தான் அசைஞ்சுது."

அட சாமி! என்னையும் பிடித்து அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்தாள். அவர் காது மந்தம். என் காது அவர் காதைவிட மோசம். என் குரலே எனக்குக் கேட்காமல், பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அடுப்படியில் நின்று அவர் முதுகைப் பார்த்து வருஷக்கணக்காக உதட்டை அசைத்திருக்கிறேன். முகம் பார்த்துப் பேசினால் இரண்டு பேருக்கும் குறை தெரியாது, உதட்டைப் படித்துவிடுவோம். முதுகு திரும்பினால் முடிந்தது. சொல்லாததைச் சொன்னேன் என்று அடித்துப் பேசி, மறந்துவிட்டீர்கள் மறந்துவிட்டீர்கள் என்று நானே அவரை நம்பவைத்திருக்கிறேன். தன் மனசை நம்பாமல் என்னை நம்பித்தான் அந்த மனுஷன் கடையில் போய் அட்டை போட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னையே நாலு அறை அறையலாம் போலவும் வந்தது. அவர் மட்டும் அங்கேயே உட்கார்ந்து, "அப்ப நீ சொல்லவே இல்ல! நீ சொல்லவே இல்ல!" என்று தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார். அத்தனை சந்தோஷமாக என்னை யாரும் குற்றம் சொன்னதில்லை.

இரண்டு பேருக்கும் காது மெஷின் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் கடுகு வெடித்ததும் நான் கரண்டியைப் போட்டுவிட்டேன். இவ்வளவு சத்தமாகவா கடுகு வெடிக்கும்? வெளியே பனை ஓலை காற்றில் சரசரவென்று அடித்துக்கொண்டது. இந்தக் காற்று வருஷாவருஷம் கணவாய் வழியாக வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல். சும்மா சொல்லக் கூடாது, முதல் வாரம் நரகம். பஸ் ஹாரன் மண்டையைப் பிளந்தது. பாத்திரம் விழுந்தால் தூக்கிவாரிப் போடும். ஒருநாள் கோபத்தில் கழற்றி அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டேன். "அரிசிப் பூச்சிய அது ஓட்டாது, நீ எடுத்து மாட்டு" என்று அவர் எடுத்துக் கொடுத்தார்.

டாக்டரம்மா சொன்ன மற்ற வேலைகளையும் விடவில்லை. பீடியை நிறுத்தினார். இரண்டு நாள் என்னைக் கடித்துக் குதறினார், மூன்றாம் நாள் அடங்கினார். பிரஷர் மாத்திரைக்கு நான் காவல். ஊறுகாய்ப் பாட்டில் எட்டாத அலமாரிக்குப் போனது. விடியற்காலை வாய்க்கால் கரையில் நடை. டீக்கடை பெஞ்சில் தன் இடத்தைச் சண்டை போட்டு வாங்கினார். அரசியல் பேசித் தொண்டை கட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு எனக்குத் திருவிழா.

மூன்று மாசம் கழித்துத் திரும்பவும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தோம். புதிதாக ஐந்து சொல். பூட்டு, யானை, மஞ்சள், கிணறு, இன்னொன்று. நடுவில் கணக்குக் கேட்டார், கடிகாரம் வரையச் சொன்னார். பிறகு, "ஐயா, அந்த அஞ்சையும் சொல்லுங்க" என்றார்.

"பூட்டு" என்றார். "யானை. மஞ்சள்."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அட்டை உள்ளே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"கிணறு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். உதட்டால் சொல்லிக் கொடுத்துவிடலாம், எங்களுக்கு அது ஒரு வேலையா? ஆனால் அந்த அஞ்சாவது சொல் எனக்கே மறந்து தொலைந்திருந்தது!

"ரயிலுங்க" என்றார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்து கையைத் தட்டிவிட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்தார். சிரித்துவிட்டு, "இனி வரவே வராதுன்னு நான் எழுதித் தரமாட்டேன்மா. வர்ற வாய்ப்பைக் கொறைக்கலாம். அதுக்குச் செய்யறதையெல்லாம் விடாம செய்யுங்க" என்றார். செய்கிறோம் தாயே, தலைகீழாக நில் என்றாலும் நிற்கிறோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் அந்த அட்டையை எடுத்து என் மடியில் வைத்தார்.

"உங்கிட்ட ஒண்ணு காட்டோணும் புள்ள."

"தெரியுமுங்க. ஆடி மாசமே பாத்துட்டேன்."

அவர் வெளியே வயலைப் பார்த்தபடி சொன்னார். "அந்தக் கடைக்காரன் உன்ற நம்பரக் கேட்டான். போனைப் பாக்காமயே சொன்னேன், பத்து நம்பரும். அப்பவே எனக்கு உறைச்சிருக்கோணும்."

நான் அவர் நம்பரைச் சொல்லிப் பார்த்தேன். முதல் நாலு வந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எனக்கு எதற்கு அது, போனில் அவர் படத்தை அமுக்கினால் போகிறது என்று இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

பஸ் இறங்கி வாய்க்கால் கரையில் நடந்தோம். அவர் இரண்டு இரண்டு எண்ணாகச் சொல்லிக் கொடுத்தார். நான் திருப்பிச் சொன்னேன். "சத்தமாச் சொல்லு, உதட்டுலயே முழுங்காத" என்று அதட்டினார். சத்தமாகச் சொன்னேன். அக்கரையில் மாடு பிடித்துக்கொண்டு நின்றவர் என்னவோ ஏதோ என்று பார்த்தார். சொல்லிச் சொல்லிக் கால் பின்தங்கிவிட்டது, அவர் முன்னே போய்விட்டார். நான் நின்றேன். போனை எடுத்து, படத்தை அமுக்காமல், பத்து எண்ணையும் ஒவ்வொன்றாகக் குத்தினேன்.

இருபது அடி முன்னால் அவர் பையில் மணி அடித்தது. முதுகைக் காட்டிக்கொண்டு போனவர் அந்த இடத்திலேயே நின்று போனை எடுத்தார்.

"சொல்லு புள்ள."

"ஏனுங்க, பெருங்காயம் வாங்கிட்டு வாங்க" என்றேன்.

அவர் என் முகத்தைத் திரும்பிப் பார்க்காமலேயே, "சரி" என்று கடைப் பக்கம் நடந்தார்.