வாழைத்தண்டு மேல் போன வீடு

லாரித் தொழிலில் நாம் ஏற்றின பாரம் சக்கரத்தை அழுத்தும். அடுத்தவன் ஏற்றின பாரம் நெஞ்சை அழுத்தும். பேட்டை ஸ்டாண்டில் முப்பத்தஞ்சு வருசமாக வண்டி போடுகிற எனக்கு ரெண்டாவது வலிதான் கூடுதல். உங்கள் கடைக்கு எதிரே இன்னொரு கடை இருந்தால், அங்கே கூட்டம் நின்றால், நான் சொல்லுவது உங்களுக்கே விளங்கும். இதுக்கு மருந்து கிடையாது. நம்மை மாதிரிப் பட்டவர்களிடம் பேசினால் கொஞ்சம் ஆறும், அவ்வளவுதான்.

அவன் லாரிக்குக் கை இருக்கு

என் வலிக்குப் பேர் தங்கராசு. ரெண்டு பேரும் ஒரே லாரியில் கிளீனராக இருந்தவர்கள். நான் முக்கூடல் பக்கம் வாழைத்தார் ஏற்றியே காலத்தை ஓட்டினேன். அவன் போன ஆவணியில் கிரேன் வைத்த லாரி எடுத்துவிட்டான். பொத்தானை அமுக்கினால் ஒரு இரும்புக் கை நீண்டு, தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரி பாரத்தைத் தூக்குகிறது. நாங்கள் எட்டுப் பேர் முக்கி ஏற்றுகிற மோட்டாரை, அவன் ஒரு கையில் வடையைத் தின்றுகொண்டு ஏற்றுகிறான்.

அன்றைக்கு ஸ்டாண்டில் எல்லாருக்கும் அவன் டீ வாங்கிக் கொடுத்தான். அவன் கை டீ எனக்கு இறங்காது என்று தெரியும். "எனக்குச் சர்க்கர இருக்குலே, டீ ஆகாது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். விசயத்தைக் கேட்ட என் வீட்டுக்காரி செல்வி உலையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "இல்லாத சீக்க இருக்குன்னு சொல்லாதிய. நாளைக்கு நெசமாவே வரும், அதுக்கும் அந்த அண்ணாச்சிதான் காரணம்னு சொல்லுவிய."

யானை இல்லாத அம்பாரி

பாளையங்கோட்டையில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் சாமுவேல் சார். பிக்கப் வண்டியின் முதுகில் தூக்கி வைக்கிற மாதிரி ஒரு குட்டி வீட்டை அவரே செய்து வைத்திருந்தார். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. மூலைக்கு ஒன்றாக நாலு இரும்புக் கால். கைப்பிடியைச் சுற்றினால் கால் நீண்டு வீடு எழும்பி நிற்கும். பிக்கப்பை அடியிலிருந்து உருவி ஓட்டிக்கொண்டு போகலாம். சாரும் அவர் சம்சாரம் ரூபி டீச்சரும் அதில் முக்கூடல் ஆற்றங்கரைத் தோப்பில் போய்த் தங்கியிருந்தபோது, கடைக்குப் போன பிக்கப் ரோட்டிலேயே படுத்துவிட்டது. அதைப் பேட்டைப் பட்டறைக்கு இழுத்து வந்தது, வேறு யார், தங்கராசுதான். வீடு மட்டும் யானை இல்லாத அம்பாரி மாதிரி தோப்புக்குள் நின்றது.

சார் ஸ்டாண்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். அதற்குள் வீடு திருச்செந்தூர் கடற்கரைக்குப் போயாக வேண்டும். இனி அந்த பிக்கப்பை நம்பப் போவதில்லை, இந்தத் தடவை பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவருக்குத்தான் இனி எப்போதும் அந்த வேலை என்றார். அவர் கண் தங்கராசு வண்டியைத் தேடியது. அவன் சாப்பிடப் போயிருந்தான். நான் முந்திக்கொண்டேன். "கிரேன்ல சங்கிலி போட்டுத்தான் சார் தூக்குவாங்க. ஒங்க தகரம் கிழிஞ்சு போகும்" என்று வாய் கூசாமல் சொன்னேன். சார் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அஞ்சு வருசம் என் கையால செஞ்சது வே. ஒம்ம நம்பித்தான் தாரேன்."

ஒரு முழம்

மறுநாள் காலையில் ஏற்றுகிற ஆட்களோடு போய், தோப்புக்குள் லாரியைப் பின்னால் விட்டேன். வீட்டைக் காலில் உயர்த்தி நிறுத்துவது, லாரியை அடியில் நுழைப்பது, காலைச் சுருக்கி வீட்டை இறக்குவது. இதுதான் என் கணக்கு. பிக்கப் ஒல்லி. என் லாரி அகலம். ரெண்டு காலுக்கும் நடுவில் லாரி நுழைய ஒரு முழம் பற்றவில்லை. இறங்கிப் போய் அளந்து பார்த்தேன். ஒரு முழம் ஒரு முழமாகவே இருந்தது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாதான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொல்லிவிட்டாள்: "வாசல அளக்காம கட்டில் வாங்குன கதையால்லா இருக்கு, அண்ணாச்சி."

வழுக்கு

ஆனால் வாழைக்காரனுக்கு ஒரு வழி உண்டு. தோப்போரம் தார் ஏற்றுவதற்கென்றே ஒரு சரிவுக் குழி இருக்கும். அதில் லாரியை இறக்கினால் லாரித் தளமும் தரையும் ஒரே மட்டம். குலை வெட்டின மரங்களை உரித்து, தண்டுகளை வீட்டடியிலிருந்து லாரித் தளம் வரை வரிசையாகப் பரப்பினோம். தொட்டித் தண்ணீரை வடித்தோம், கேஸை மூடி சிலிண்டரைக் கழற்றினோம், அலமாரிக் கதவுகளைத் துணியால் கட்டினோம். கைப்பிடியைச் சுற்றிக் காலைச் சுருக்கி, வீட்டைத் தண்டு மேல் உட்கார வைத்து எட்டுப் பேர் தள்ளினால், அடடா, நெய்யில் போட்ட பணியாரம் மாதிரி வழுக்கிக்கொண்டு லாரிக்குள் போய்விட்டது. ரூபி டீச்சர் கை தட்டினார். அந்த நேரம் தங்கராசு அங்கே இல்லாதது ஒன்றுதான் எனக்குக் குறை.

குறை தீரட்டும் என்று போன் போட்டுச் சொன்னேன். அவன் மெச்சவில்லை. "தண்ட உருவிட்டியா? உருவிட்டு ரப்பர் பாயப் போடுலே. கயித்தக் கூர மேல போடாத. அடியில நாலு வளையம் இருக்குன்னு சாரு அன்னைக்கே சொன்னாரு, அதுல கட்டு" என்றான். எனக்குப் புத்தி சொல்ல இவன் யார்? தண்டு மெத்தை மாதிரி இருக்கட்டும் என்று அப்படியே விட்டேன். தாருக்குப் போடுகிற மாதிரியே கூரை மேல் கயிற்றை வீசி, காலால் உதைத்து இறுக்கினேன். கூரை 'மடக்' என்றது. போனில் அதுவும் கேட்டிருக்கும் போல. "சரிலே, ஒன் இஷ்டம். வழியில நின்னு கயித்தையாவது தொட்டுப் பாரு" என்றான்.

யாருக்கு எலுமிச்சம்பழம்

கிளம்பும்போது சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் நான் வண்டியை நகர்த்தினதே இல்லை. ஆனால் சார் வேதக்காரர். அவர் வீடு மேலே இருக்கிறது. பழத்தை மடியில் வைத்துக்கொண்டு முழித்தேன். அவரோ ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினார். ஜெபம் முக்கூடலில் தொடங்கி, வழியில் உள்ள ஒவ்வொரு பாலத்தையும் பேர் சொல்லிக் கடந்து, திருச்செந்தூர் போய்ச் சேர்ந்தது. கண்ணைத் திறந்தவர் என் மடியைப் பார்த்துச் சிரித்தார்: "வண்டி ஒம்முடையது, அதுக்குப் பழத்த வையும். வீடு எங்களுடையது, அதுக்கு ஜெபம் ஆச்சு. நடுவுல இருக்க கயித்த மட்டும் பாத்துக்கிடும் வே."

ஆழ்வார்திருநகரி தாண்டி

பாளையில் நிறுத்தி டீ குடித்தேன். கயிறு கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. தொடவில்லை. தொட்டால் தங்கராசு சொன்னதைக் கேட்ட மாதிரி ஆகிவிடும். நீங்களும் இப்படி எதையாவது தொடாமல் விட்டிருப்பீர்கள்.

ஆழ்வார்திருநகரி தாண்டி வாய்க்காலை ஒட்டின ஒரு வளைவில் பின்னால் 'சரக்' என்று ஒரு இழுவை. பைய ஓரங்கட்டி இறங்கினேன். தண்டெல்லாம் நசுங்கிச் சாறு ஒழுகுகிறது. தண்டு சப்பையானதும் கயிறு தொங்கிவிட்டது. காலையில் வழுக்கி ஏறின வீடு இப்போது அதே வழுக்கலில் பக்கவாட்டில் நகர்ந்து, ஒரு முழம் வாய்க்கால் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதே ஒரு முழம்! பின்னாலேயே காரில் வந்த சார் ஓடிவந்து உள்ளங்கையை அந்தச் சுவரில் வைத்து முட்டுக் கொடுத்தார். விழுகிற வீட்டை ஒரு கை தாங்குமா? அவர் கை எடுக்கவில்லை. டீச்சர் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வேறு வழி இல்லை. போனை எடுத்தேன். தங்கராசு பேர் மேல் விரல் போகமாட்டேன் என்கிறது. சாரின் கையைப் பார்த்துக்கொண்டே அமுக்கினேன். மணி அடித்தது என் காதில் மட்டும் இல்லை, முதுகுக்குப் பின்னாலும். திரும்பினால், அந்த இரும்புக் கை வைத்த லாரி வளைவில் வந்து நிற்கிறது. இறங்கும்போதே சொல்லிக்கொண்டு வந்தான்: "நீ தண்ட உருவ மாட்டன்னு எனக்குத் தெரியாதாலே? பாளையிலேர்ந்து பின்னாலயேதாம்ல வாரேன்."

முதல் டம்ளர்

அவன் சங்கிலி எதையும் எடுக்கவில்லை. உள்ளங்கை அகலத்தில் நாலு துணிப் பெல்ட். வீட்டைப் பொத்தினாற்போலத் தூக்கி நிறுத்தினான். நான் தண்டை வழித்து எறிந்து தளத்தைக் கழுவித் துடைத்தேன். அவன் ரப்பர் பாய் விரித்து, வீட்டை நடுவில் இறக்கி, அடி வளையத்தில் பெல்ட்டைக் குறுக்கும் மறுக்கும் கட்டினான். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி ஒவ்வொரு பெல்ட்டையும் மறுபடி இறுக்கினான். சாரிடம் போய், "சங்கிலின்னு சொன்னது பொய் சார்" என்றேன். "பெல்ட்டப் பாத்தப்பவே தெரிஞ்சுட்டு" என்றார்.

திருச்செந்தூரில் வீடு கடலைப் பார்த்து நாலு காலில் நின்றது. கூரையில் என் கயிறு பதிந்த ஒரு பள்ளம் தவிரச் சேதம் இல்லை. ரூபி டீச்சர் அந்த அடுப்பிலேயே டீ போட்டு, முதல் டம்ளரைத் தங்கராசுக்குக் கொடுத்தார். வயிறு எரிந்ததா என்று கேட்காதீர்கள். ரெண்டாவது டம்ளரை என்னிடம் நீட்டும்போது அவன் பதறிப்போய்த் தடுத்தான்: "டீச்சர், அவனுக்குச் சர்க்கர இருக்கு. பாவம், இனிப்பில்லாமக் குடுங்க." டம்ளரை வாங்கினேன். குடித்தேன்.

சார் கூரைப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தார். தங்கராசின் கனத்த லாரி தோப்புக்குள் இறங்கினால் புதையும். என் லாரியில் ஏற்றினால் கயிற்றை நம்ப முடியாது. தீர்ப்பு சொல்லிவிட்டார்: "இனிமே எப்பவும் நீரே ஏத்தி ஓட்டும் வே. ஆனா கட்டுதது அவரு கட்டட்டும்."

இப்போது அந்த வீடு போகிற ஊருக்கெல்லாம் நான் ஓட்டுகிறேன், தங்கராசு கட்டுகிறான், இல்லாத சீக்குக்கு மாசம் ஒரு தடவை இனிப்பில்லாத டீயை நான் குடிக்கிறேன்.